ஏணி ஏறிப் பார்த்தீர்களா? எங்கள் கிராம சமூகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காட்டில் நம் அக்ரகாரத்தை நிர்வகிக்கும் கிராம சமூகத்தின் தலைவர், செயலர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும், தெருவின் வடக்கு வீட்டு வரிசையான வடக்குச் சிறகிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியையின் நமஸ்காரம்.

கோயில் வாசல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். மூன்றே வரி. கிராமத்தின் பாரம்பரியத் தோற்றத்தைக் காக்கும் பொருட்டு, தெருவிலுள்ள வீடுகளிலோ அவற்றைச் சேர்ந்த நிலத்திலோ சோலார் பேனல் வைக்க அனுமதி இல்லை. கீழே முத்திரை. என் பெயர் அதில் இல்லை. ஆனால் பிரதோஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் படித்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நேரில் வந்து பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தலைவர் எனக்கு மாமா முறை. அவர் வீட்டுக்குப் போனால் காப்பி வரும், அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரிப்பு வரும், பேச்சு எங்கேயோ போய்விடும். செயலரோ என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். என்னைக் கண்டதும் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுகிறார். எழுந்து நிற்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாசி மாதம் நான் கொடுத்த விண்ணப்பத்தை நீங்கள் தள்ளியது சரி. அன்று எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் கோயில் பக்கமே வரவில்லை. இன்று அதன் நகலை எடுத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. முகப்பின் ஓட்டுச் சரிவுக்கு மேல் ஆறடி உயரத்துக்கு இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஆறு பேனல்களைப் பரப்புவதாக நிறுவனத்துப் பையன் படம் வரைந்து கொடுத்திருந்தான். ஓட்டு வீட்டின் தலையில் ஒரு பஸ் நிறுத்தத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது அந்தப் படம். தேர் வரும் தெரு இது. இரண்டு சிறகிலும் வீட்டோடு வீடு ஒட்டி, முகடு ஒரே கோடாக ஓடும் தெரு. அங்கே அது நிற்கக் கூடாது. தடுத்தீர்கள், நன்றி.

ஆனால் நீங்கள் சொன்ன காரணம் எனக்குச் சம்மதமில்லை. ஓடு சிவப்பு, பேனல் நீலம், பொருந்தாது என்றீர்கள். அதோடும் நிற்காமல், ஒரு வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஊருக்கே சட்டமாக்கிவிட்டீர்கள். கொல்லையில்கூட வைக்கக் கூடாதாம். எங்கள் கொல்லையை யார் பார்க்கிறார்கள்? ஆற்றுக்குக் குளிக்க வரும் நாலு பேரும், பாறையில் இறக்கை உலர்த்தும் நீர்க்காகமும்தான்.

இந்த அவசரத்தின் மூலம் எனக்குத் தெரியும். இதே ஆற்றங்கரையில் கல்பாத்தி அக்ரகாரம் இருக்கிறது. அங்கே விசுவநாத சுவாமி கோயிலில் 1425 ஆம் ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. உலகம் கூடும் தேர்த்திருவிழா இருக்கிறது. பாரம்பரிய கிராமம் என்ற அரசுப் பெயர் இருக்கிறது. கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கும் ஒரு நாள் அந்தப் பெயர் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். தவறில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டிலுள்ள கிழவியைக் கொட்டிலில் ஒளித்து வைப்பதுபோல, யாரோ அதிகாரி எப்போதோ வரப்போகிறார் என்பதற்காகக் குடியிருப்பவர்களின் வாழ்க்கையை மறைத்து வைக்க முடியாது.

குடியிருப்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எங்கள் சிறகில் விளக்கு எரியும் வீடுகளில் பாதிக்கு மேல் எழுபது வயதைக் கடந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 86. பங்குனியிலும் சித்திரையிலும் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இப்போதெல்லாம் செய்தியாகக்கூட இல்லை. பழைய வீடு குளிர்ச்சி என்று வெளியூர்க்காரர்கள் எழுதுகிறார்கள். நடுமுற்றம் திறந்து கிடந்த காலத்தில் அது உண்மை. திருடன் பயம் என்று ஒரு பக்கம், மழைச்சாரல் என்று ஒரு பக்கம், இப்போது பாதி வீடுகளில் முற்றத்தின் தலையில் கண்ணாடி நாரிழைத் தகடு போட்டு மூடியாகிவிட்டது, எங்கள் வீட்டிலும்தான். ஏறிய சூடு இறங்க வழியில்லை. போன சித்திரையில் அம்மா ரேழியில் வெறும் தரையில் ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருந்தாள். மறுநாள் சின்ன அறையில் ஏசி வாங்கி மாட்டினேன்.

ஏசி வந்தால் பில் வரும். நம் மின்வாரியக் கணக்கு உங்களுக்குத் தெரியும். மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகக் கட்டணம் ஏறும். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் கோடு 500 இல் நிற்கிறது. எங்களுக்கு அந்த முறை 512 வந்தது. பன்னிரண்டு யூனிட்டுக்காகக் கட்டிய தண்டனையை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி ரேழித் தரைக்கே போயிருப்பாள்.

அப்போதுதான் சோலார் நினைப்பு வந்தது. 2024 இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைத் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மூன்று கிலோவாட் என்றால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 12 யூனிட். அந்தத் தண்டனைக் கோட்டிலிருந்து எங்களை வெகுதூரம் கீழே இறக்கிவிட அது போதும்.

உங்கள் மறுப்புக்குப் பிறகு வைராக்கியத்தில் தச்சுவேலை செய்யும் மூத்தாசாரியை வரவழைத்தேன். கூரை தாங்கும் என்று அவர் வாயால் சொல்லவைத்து, அதை எழுதி வாங்கி உங்கள் முன் வீச வேண்டும் என்பது என் திட்டம். அவர் மச்சில் ஏறி, பின்சரிவில் நாலு ஓடுகளை நீக்கினார். நானும் ஏணியில் பாதி ஏறி நின்றேன். கைமரம் என்று மற்ற ஊர்களில் சொல்லும் கூரையின் சாய்வு மரத்தை நாம் கழுக்கோல் என்கிறோம் அல்லவா, அதன் நுனியில் உளியை வைத்துக் கையால் மெல்ல அழுத்தினார். சுத்தியல்கூட எடுக்கவில்லை. வாழைத்தண்டுக்குள் கத்தி இறங்குவதுபோல் உளி இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் மரத்தூளும் ஒன்றிரண்டு வெள்ளைக் கரையானும். அவர் என்னைப் பார்த்து, "டீச்சரே, பேனலை விடுங்கள். இந்தக் கழுக்கோல் ஓட்டைத் தாங்கவில்லை, ஓடுதான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

எழுதி வாங்க நினைத்தது அதோடு போயிற்று. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சோலார் பேச்சே எழாமலிருந்தால் அந்த நாலு ஓடுகளை யார் நீக்கியிருப்பார்கள்? அடுத்த இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பின்கூரை சரிந்து, கோயில் வாசலில் நின்று "எவ்வளவு பழைய வீடு, பாவம்" என்று நாமெல்லாம் உச்சுக்கொட்டியிருப்போம். எந்த வீட்டில் பேனல் வைப்பதானாலும் முதலில் ஆசாரி ஏறி, கழுக்கோலையும் அதன்மேல் ஓட்டைத் தாங்கும் பட்டிகையையும் தட்டிப் பார்த்து, செல்லரித்ததை மாற்றிய பிறகே மேலே பேச வேண்டும் என்று நீங்கள் ஒரு விதி போட்டிருந்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

எடையைப் பற்றிய பயமும் தப்பான இடத்தில் இருக்கிறது. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 பிடிக்கும். ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்று வைத்தாலும் 37 கிலோ. மழையில் ஊறினால் இன்னும் கூடும். பேனலும் அதைப் பிடிக்கும் அலுமினியச் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 கிலோ அளவில்தான் வரும். நல்ல மரம் இதைப் பொருட்படுத்தாது. நாம் பயப்பட வேண்டியது காற்றுக்கு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வரும் காற்று, கொடியில் போட்ட எட்டு முழத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும். அது பேனலைக் கீழே அழுத்தாது. அடியில் புகுந்து மேலே பிடுங்கும். ஆறடிக் காலில் நின்றால் அது பேனல் இல்லை, பாய்மரம். என் முதல் விண்ணப்பத்தை மறுக்க இந்த ஒரு காரணம் போதும். நீங்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டீர்கள்.

ஓட்டைப் பற்றி இன்னொன்று. போன வருடம் நீங்கள் அச்சடித்த கிராம வரலாற்றுக் கையேட்டில், நம் வீடுகளின் கூரையில் "1865 ஆம் ஆண்டு ஓடுகள்" இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசாரி கழற்றிய ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன்; பாசல் மிஷன் பெயரோடு அந்த எண் எங்கள் ஓட்டிலும் இருக்கிறது. ஆனால் அது மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிற்காலத்தில் சுட்ட ஓட்டிலும் அதே எண்ணைத்தான் பதித்தார்கள். ஊதுபத்திக் கட்டின்மேல் போட்டிருக்கும் தொடக்க ஆண்டைப் பார்த்துவிட்டு ஊதுபத்திக்கு நூறு வயது என்று சொல்ல மாட்டோம் அல்லவா? அடுத்த பதிப்பில் திருத்திவிடுங்கள்.

திருத்தும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். இன்று நாம் பரம்பரைச் சொத்தாகக் காக்கும் இந்தச் சிவப்பு ஓடு, கடல் தாண்டி வந்த கிறித்துவப் பாதிரிமார்களின் தொழிற்சாலைச் சரக்கு. நாட்டு ஓடும் ஓலையும் வேய்ந்திருந்த வைதிகத் தெருவில் அது முதலில் ஏறியபோது யாராவது எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். நம்மவர்களை எனக்குத் தெரியும். அப்படியானால் புதிதாக வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாமா? கூடாது. அந்த ஓடு இங்கே தங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கூரையின் சரிவை அது மாற்றவில்லை, முகட்டை உயர்த்தவில்லை, மரத்தை அறுக்கச் சொல்லவில்லை. வேண்டாமென்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிவைத்துவிடலாம். வீட்டில் வடுவே இருக்காது.

நான் உங்களிடம் கேட்பது இந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வையுங்கள் என்பதுதான்: பொருத்துகிற பொருளை நாளைக்குக் கழற்றினால் வீடு பழையபடி இருக்குமா? ஏனென்றால் திரும்பவே முடியாத காரியங்களுக்கு நீங்கள் மூச்சுவிடாமல் தலையாட்டியிருக்கிறீர்கள். மேற்குக் கோடியில் மூன்று வீடுகளின் திண்ணையை இடித்துக் கார் ஏறும் சாய்தளம் போட்டாயிற்று. உருண்டைத் தூண்களைப் பிடுங்கி விற்றுவிட்டு, அந்த இடத்தில் இரும்பு ஷட்டர். ஒரு வீட்டின் முகப்பு முழுக்க வெள்ளித் தகடு. ஐப்பசி வெயிலில் அதிலிருந்து எதிரொளி எங்கள் பூஜை அறை வரை வருகிறது. கோணத்தைச் செயலர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், எதிரொளிப்பு விதி நான் நடத்திய பாடம்தான். இடித்த திண்ணையை யாரால் திரும்பக் கட்ட முடியும்? வழவழப்பான அந்தச் சிவப்புத் தரையைத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கை இப்போது இந்த ஜில்லாவில் எத்தனை இருக்கிறது?

நிறத்துக்கு வருகிறேன். இப்போது சந்தையில் வரும் நல்ல பேனல்கள் பெரும்பாலும் கறுப்பு. பழைய வகைதான் நீலம். நம் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியின்மேல் நீங்கள் போட்டிருக்கும் தகரக் கூரை என்ன நிறம் என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ரயிலில் போகிறவர்கள்கூட அந்த நீலத்தை வைத்துத்தான் நம் கிராமத்தை அடையாளம் காண்கிறார்கள்.

இனி திசை. இதைப் பலகையிலேயே வரைந்து காட்டியிருப்பேன், சாக்பீஸ் இல்லை. நம் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. தெற்குச் சிறகு வீடுகளுக்கு வாசல் வடக்கே, பின்சரிவு தெற்கே. அவர்கள் பின்சரிவில் பேனல் வைத்தால் முகடு மறைத்துவிடும், தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படாது, வெயிலும் முழுசாகக் கிடைக்கும். எங்கள் வடக்குச் சிறகுக்கு எல்லாம் தலைகீழ். தெற்கு வெயில் வாசல் பக்கச் சரிவில் விழுகிறது. மறைவான பின்சரிவு வடக்கே பார்க்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருப்பதால் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. அப்போது எங்கள் பின்சரிவுக்குத்தான் யோகம். ஆனால் அந்த யோகத்தின் பெரும்பகுதியை இடவப்பாதி மேகம் தின்றுவிடும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் மார்கழியிலோ, 30 டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவில் விழும் உச்சி நேர்வெயில், தெற்குச் சரிவில் விழுவதில் பாதிகூட இல்லை. ஆகவே "பின்பக்கம் மட்டும்" என்று ஒரே விதி போட்டாலும் பாதித் தெருவுக்கு அது பாயசம், பாதிக்குப் பத்தியம். நாங்கள் என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத்தான் கொல்லைக்குப் போனேன்.

எங்கள் கொல்லைக் கோடியில் தாத்தா காலத்து மாட்டுக் கொட்டில் நிற்கிறது. மாடு இல்லை, சிமெண்ட் தகடு வேய்ந்த கூரை மட்டும் மிச்சம். அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அதே உயரத்தில், தெற்கே லேசாகச் சாய்த்து ஆறு பேனல்களையே கூரையாகப் போடலாம். பதினைந்து, பதினாறு சதுர மீட்டர் இடம் போதும். கொட்டில் அதைவிடப் பெரியது. பக்கத்துப் பலா மரத்தின் ஒரு கிளையை மட்டும் கழிக்க வேண்டும். வீட்டு ஓடு ஒன்றைக்கூட அசைக்க வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. கொட்டில் சுவரில், என் இடுப்புயரத்தில், 2018 ஆகஸ்டில் ஆறு உள்ளே வந்து நின்ற வண்டல் கோடு இன்றும் இருக்கிறது. இன்வெர்ட்டர், ஸ்விட்ச் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டடி தள்ளித்தான். இந்த ஏற்பாட்டைத்தான் உங்கள் அறிவிப்பின் "அவற்றைச் சேர்ந்த நிலத்திலோ" என்ற மூன்று சொற்கள் அடித்துப்போட்டிருக்கின்றன.

எனக்காக மட்டும் எழுதவில்லை. தெற்குச் சிறகில் தனியாக இருக்கும் மாமிகள் இருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு இரவில் ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும்; பிள்ளை பெங்களூரிலிருந்து பில் கட்டுகிறான். அவர்களுக்குக் கொல்லை குறுகல், கூரைதான் வழி. அங்கே நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். கண்டிப்பு எதில் என்பதுதான் கேள்வி. பேனல் ஓட்டின் சரிவோடு சரிவாக, ஒரு சாண் இடைவெளிக்குள் படுத்திருக்க வேண்டும். முகட்டிலிருந்து இரண்டு வரிசை ஓடாவது கீழே தள்ளி. ஓட்டில் துளை போடவே கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியைக் கழுக்கோலில் திருகி, ஓட்டின்மேல் ஓடு ஏறும் இடைவெளி வழியாக வெளியே எடுத்து, அதில் சட்டத்தைப் பூட்ட முடியும். ஓட்டைத் துளைத்து ரப்பர் வாஷர் போட்டால் இரண்டு மழைக்குத் தாங்கும். மூன்றாவது மழையில் கழுக்கோலின் தலையில் சொட்டும், அப்புறம் ஆசாரியின் உளி வாழைத்தண்டுக்குள் போகும். உடைந்த ஓட்டுக்கு அதே அச்சில் பழைய ஓடு பத்துப் பதினைந்தாவது வாங்கிக் கையிருப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட நெருப்பு. இதைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் வீடுகளில் இடைச்சுவர் பலவற்றில் முகடு வரை ஏறவில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முகிறார்கள். வாசனை போகும் வழியில் புகையும் போகும், தீயும் போகும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் நேர்மின்னோட்டக் (டிசி) கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இணைப்பு தளர்ந்தால் அங்கே பொறி பறக்கும். பக்கத்தில் நூறு வருடம் காய்ந்த தேக்கு. ஆகவே அந்தக் கம்பி மச்சுக்குள் நுழையவே கூடாது. இரும்புக் குழாய்க்குள் கொல்லைச் சுவரின் வெளிப்புறமாக இறங்க வேண்டும். துண்டிக்கும் ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில், தீயணைப்புக்காரர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இணைப்பி இரண்டு பாதியும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஐப்பசி இடிக்கு வைக்கும் இடிதாங்கிக் கம்பத்தை முகட்டில் நடாமல் கொல்லையில் தனியே நடச் சொல்லுங்கள். இதையெல்லாம் சரிபார்க்கக் குழுவுக்கு ஆள் வேண்டுமென்றால், ஓய்வு பெற்ற ஒருத்தி வேலையில்லாமல் வீட்டில்தான் இருக்கிறாள்.

சோலார் ஓடு என்று ஒன்று இருக்கிறதே, அதை வைக்கலாமே என்று பொருளாளர் கேட்டதாகச் சொன்னார்கள். நல்ல கேள்வி. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பேயின் இடிபாடுகளில் சுட்டமண் ஓடுபோலவே தோன்றும் சூரிய ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் நிறத்துக்காக வெயிலில் ஒரு பங்கைத் தியாகம் செய்ய வேண்டும். விலையும் மிக அதிகம். ஓய்வூதியக் கைக்கு எட்டாது.

கைக்கு எட்டுவது ஒன்று உண்டு, அது உங்கள் கையிலேயே இருக்கிறது. வாடிகனில் 2008 இல் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் மண்டபத்தின்மேல் 2,400 பேனல்களைப் பதித்தார்கள். 1971 இல் கட்டி முடித்த புது மண்டபம் அது. பழைய புனித பேதுரு ஆலயத்தின் பக்கம் அவர்கள் போகவில்லை. கேம்பிரிட்ஜில் ஐந்நூறு வருடத்துக் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் கூரையில் 2023 இல் 438 பேனல்கள் ஏறின. ஈயத்தகடு மாற்றக் கூரையைப் பிரித்தபோதே அதையும் செய்தார்கள், கைப்பிடிச் சுவர் பெரும்பகுதியை மறைத்துக்கொள்கிறது. இரண்டிலும் எனக்கு அதிகம் பிடித்தது வாடிகன் வழி. நம் கல்யாண மண்டபம் கான்கிரீட். அதற்கு இழக்க அழகு ஒன்றும் இல்லை, கட்டியவர் மன்னிக்கட்டும். அந்த நீலத் தகரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பேனல் போடுங்கள். மத்தியத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது மின்தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஓரிடத்தில் உற்பத்தி செய்து பல வீட்டு மீட்டர்களில் பங்கிட்டுக் கழித்துக்கொள்ளும் முறையையும் அந்தத் திட்டம் ஏற்கிறது. மின்வாரிய அலுவலகத்துக்கு நீங்கள் வரத் தயாரென்றால் காகிதங்களோடு நானும் வருகிறேன். கூரையும் பலவீனம், கொல்லையும் இல்லை என்ற வீடுகளுக்கு அதைவிட்டால் கதியில்லை.

ஒரு சின்ன விஷயம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லாதீர்கள். தேரன்று தெருவில் மின்கம்பியைத் துண்டிப்பார்கள். கம்பியில் மின்சாரம் இல்லையென்றால், வேலை செய்யும் லைன்மேனைக் காப்பாற்றச் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். உச்சி வெயில் அடிக்கும், பேனல் சும்மா கிடக்கும். பேட்டரி வைத்தவர் வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றும். ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் மாமி வீட்டுக்கு அந்தப் பேட்டரி அவசியம். மற்றவர்கள் விசிறிக்குப் பதிலாகத் தேரை இழுத்தால் வியர்வை தானாக ஆறிவிடும்.

அறிவிப்பிலிருந்து "அவற்றைச் சேர்ந்த நிலத்திலோ" என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். தெற்குச் சிறகுப் பின்சரிவுக்கு நான் சொன்ன கண்டிப்புகளோடு வழிவிடுங்கள். முகப்புச் சரிவில் யாருக்கும், எந்தக் காரணத்துக்கும், நானே மறுபடி வந்து அழுதாலும் அனுமதி தராதீர்கள். அதே மூச்சில் திண்ணை இடிப்பதற்கும் ஒரு தடை எழுதி ஒட்டுங்கள். பலகையில் இடம் இருக்கிறது.

மூத்தாசாரி வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். செல்லரித்த கழுக்கோல் இரண்டை மாற்ற வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பின்சரிவு ஓடு பிரித்திருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். தலைவர் மாமாவுக்கு முழங்கால் வலி, அவர் கீழே அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கட்டும். செயலர் மச்சு வழியாக ஏறிப் பார்க்கலாம். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடக்குச் சிறகு, கிழக்கிலிருந்து ஏழாம் வீட்டு டீச்சர்